ஓநாய்ச் சுரத்தைத் தேடிப் பிடித்த கணக்காய்வாளர்
ஒலி ஆய்வாளர் சர் சி.வி. இராமன்

சர் சி.வி. இராமன் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஒளி. கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்டார், இராமன் விளைவைக் கண்டறிந்தார், 1930-இல் நோபல் பரிசு பெற்றார். புதிர்ப் போட்டிக்குத் தயாராகும் மாணவர் யாரும் இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

ஆனால், அந்தப் பரிசுக்கு முன்பு பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அவருடைய மனத்தை ஆட்கொண்டிருந்தது ஒலி. வயலின் ஏன் சில வேளைகளில் உறுமுகிறது? மிருதங்கம் ஏன் வெறும் இரைச்சலாக ஒலிக்காமல் சுரமாக ஒலிக்கிறது? வீணையின் ஒலி ஏன் அத்தனை செழுமையாக இருக்கிறது? இப்படிப்பட்ட கேள்விகளோடுதான் அவர் தமது இளமையைக் கழித்தார்.

இந்தப் பக்கம் நமக்கு ஏன் முக்கியம்? சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ் என்று கெடாவின் எந்தத் தமிழர் குடியிருப்புக்குப் போனாலும் ஏதாவது ஒரு வீட்டில் கித்தாரோ கீபோர்டோ இருக்கிறது. கோயில் திருவிழா என்றால் உறுமி மேளம் இருக்கிறது. இப்போது இளைஞர்கள் தங்கள் பாடல்களை அறையிலேயே பதிவு செய்கிறார்கள். பதிவு செய்ததைக் கேட்டால் பலருக்கு ஏமாற்றம். நேரில் கனமாக ஒலித்த கித்தார், பதிவில் காதைக் கிழிக்கிறது. அல்லது தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல் உள்ளீடற்று ஒலிக்கிறது. விலை உயர்ந்த கருவி இல்லாததுதான் காரணம் என்று நினைத்து மனம் சோர்ந்து விடுகிறார்கள். அந்தச் சோர்வுக்கு இராமனின் வாழ்க்கையில் நல்ல மருந்து இருக்கிறது.

வயலின் ஒலித்த வீடு

சந்திரசேகர வெங்கட இராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். எட்டுப் பிள்ளைகளில் இராமன் இரண்டாமவர். தந்தை கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர்; வயலின் வாசிப்பவர். இராமனுக்கு நான்கு வயதானபோது, தந்தைக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் விரிவுரையாளர் பணி கிடைத்ததால் குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது. கடற்கரை ஊர், வீடு நிறையப் புத்தகங்கள், மாலையில் வயலின். இராமன் வளர்ந்த சூழல் இது.

பதினொரு வயதில் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1904-இல் பி.ஏ. பட்டத்தில் முதலிடம் பெற்றார். இயற்பியலுக்கும் ஆங்கிலத்துக்கும் தங்கப் பதக்கங்கள் வாங்கினார். 1906-இல், பதினெட்டு வயதில், அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை இலண்டனின் புகழ்பெற்ற அறிவியல் இதழ் ஒன்றில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு எம்.ஏ. முடித்தார்.

தமது சிந்தனையை வடிவமைத்த நூல்கள் மூன்று என்று பிற்காலத்தில் அவர் சொல்வதுண்டு. ஒன்று புத்தரின் வாழ்வைப் பாடும் எட்வின் ஆர்னால்டின் காவியம். இன்னொன்று யூக்ளிடின் வடிவக்கணிதம். மூன்றாவது, ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒலியுணர்வைப் பற்றி எழுதிய பெரிய நூல். ஒரு சுரம் இனிமையாகவும் இன்னொன்று கரகரப்பாகவும் இருப்பது ஏன் என்பதை அதிர்வுகளைக் கொண்டு விளக்கும் நூல் அது. தந்தையின் வயலின் காதுக்குக் கொடுத்ததை, இந்த நூல் அறிவுக்குக் கொடுத்தது.

விடியலில் ஆய்வு, பகலில் கணக்கு

இத்தனை திறமையுள்ள மாணவர் மேற்படிப்புக்கு இங்கிலாந்து போயிருக்க வேண்டும். ஆனால் அவருடைய மெலிந்த உடல் அந்நாட்டுக் குளிரைத் தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். அன்றைய இந்தியாவில் அறிவியலை மட்டும் நம்பி ஓர் இளைஞர் வாழ வழியில்லை. எனவே, இந்திய நிதித்துறைத் தேர்வை எழுதி அதிலும் முதலிடம் பெற்றார். 1907-இல் லோகசுந்தரி அம்மாளை மணந்தார். அவர் வீணை வாசிப்பவர். அதே ஆண்டு, பத்தொன்பது வயது நிறைவதற்குள், கல்கத்தாவில் துணைத் தலைமைக் கணக்காய்வாளராகப் பணியில் அமர்ந்தார்.

நல்ல சம்பளம், அரசாங்கப் பதவி. பலருக்கு அதோடு படிப்பு முடிந்துவிடும். இராமனோ பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகையைப் பார்த்தார். அறிவியல் வளர்ச்சிக்கான இந்தியச் சங்கம் என்று அதில் எழுதியிருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876-இல் நிறுவிய சங்கம் அது. கட்டடமும் கருவிகளும் இருந்தன. ஆய்வு செய்வோர்தான் அரிதாக இருந்தனர். இராமன் கதவைத் தட்டினார். அங்கே பணியிலிருந்த ஆசுதோஷ் தே திறந்தார்.

அதன் பிறகு அவருடைய நாள் இப்படி ஓடியது. அதிகாலையில் சங்கத்துக்குப் போவார். காலை பத்து மணி வாக்கில் வீட்டுக்கு வந்து அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு அலுவலகம் செல்வார். மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்திலிருந்து நேராக மீண்டும் சங்கத்துக்கு. இரவு ஒன்பது, பத்து மணிக்கு வீடு. 1909-இல் இரங்கூனுக்கும், 1910-இல் நாகபுரிக்கும் மாற்றல் வந்தபோதும் ஆய்வை அவர் கைவிடவில்லை. 1911-இல் கல்கத்தாவுக்குத் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

கதவைத் திறந்த ஆசுதோஷ் தே பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்லர். ஆனால் இராமனின் கைகளாக இருந்து கருவிகளைச் செய்தவர் அவர்தான். பின்னாளில் அவருடைய பெயர் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் கட்டுரையாசிரியராக இடம்பெற்றது. பட்டம் இல்லாதவரும் அறிவியலுக்குள் வர முடியும் என்பதற்கு அந்தச் சங்கமே சாட்சி.

இராமன் ஏன் ஒலியைத் தேர்ந்தெடுத்தார்? இசையார்வம் ஒரு காரணம். ஒலியை ஆராயப் பெரிய செலவு தேவைப்படாதது இன்னொரு காரணம் என்றும் கருதலாம். ஒரு கம்பி, ஓர் இசைக்கவை, ஒரு வயலின், அதிர்வைப் படம் பிடிக்க ஒளியும் ஒளிப்படத் தகடும். இவற்றை வைத்தே உலகத் தரமான கேள்விகளைக் கேட்க முடிந்தது.

உறுமும் செல்லோ

வயலின் குடும்பக் கருவிகளில், குறிப்பாகச் செல்லோவில், ஒரு விசித்திரம் உண்டு. எல்லாச் சுரங்களும் நன்றாக ஒலிக்கும். ஒரே ஒரு சுரத்தில் மட்டும் வில்லை எப்படி இழுத்தாலும் ஒலி நிலையாக நிற்காது. நடுங்கும், உறுமும், உடைந்து உடைந்து வரும். ஐரோப்பியக் கலைஞர்கள் அதற்கு ஓநாய்ச் சுரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியிலும் அந்த ஓநாய் இருக்கும்.

1916-இல் இராமன் இதை ஆராய்ந்தார். கம்பியின் அதிர்வையும் மரப்பலகையின் அதிர்வையும் ஒரே நேரத்தில் படம் பிடித்தார். இரண்டையும் ஒப்பிட்டபோது உண்மை தெரிந்தது. கருவியின் உடலுக்கென்று இயல்பான அதிர்வெண் ஒன்று உண்டு. வாசிக்கும் சுரம் அந்த அதிர்வெண்ணோடு பொருந்தினால் உடல் பலமாக அதிரத் தொடங்குகிறது. அப்படி அதிரும்போது கம்பியிலிருந்து ஆற்றலை வேகமாக உறிஞ்சிக் கொள்கிறது. வில் கொடுக்கும் அழுத்தம் அந்த இழப்பை ஈடுசெய்யப் போதவில்லை. எனவே கம்பியின் அடிச்சுரம் குலைந்து, அதற்கு மேலுள்ள சுரம் தலைதூக்குகிறது. உடனே உடலின் அதிர்வு அடங்குகிறது. கம்பி மீண்டு வருகிறது. பிறகு மறுபடியும் அதே கதை. இந்த மாறி மாறி நடக்கும் போராட்டம்தான் நம் காதில் உறுமலாக விழுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. உறுமலுக்குக் காரணம் வாசிப்பவரின் கையும் இல்லை, மட்டமான மரமும் இல்லை. இரண்டு அதிர்வுகளுக்கு இடையிலான உறவுதான் காரணம். காரணம் தெரிந்தால் மருந்தும் தெரியும். உடலை முழங்காலால் சற்று அழுத்திப் பிடித்தாலோ, குதிரைக்குப் பின்னால் உள்ள கம்பியில் சிறு எடையைப் பொருத்தினாலோ ஓநாய் அடங்குகிறது.

இராமன் அதோடு நிற்கவில்லை. மனிதக் கை ஒரே அழுத்தத்தில், ஒரே வேகத்தில் வில்லை இழுக்காது. ஆகவே வயலினை வாசிக்க ஓர் இயந்திரத்தையே உருவாக்கினார். அதில் வில் அசையாமல் நிற்கும். வயலின்தான் முன்னும் பின்னும் நகரும். வேகம், அழுத்தம், வில் படும் இடம் ஆகியவற்றில் ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்து அளந்தார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்னும் இந்த ஒழுக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கித்தாரிடம் வரும்போது தேவைப்படும்.

வில்லிசைக் கம்பிகளின் இயக்கத்தைப் பற்றி அவர் எழுதிய பெரிய ஆய்வு 1918-இல் வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டே அரசாங்கப் பதவியைத் துறந்து, கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராகி விட்டார். புதிய சம்பளம் பழையதைவிட வெகுவாகக் குறைவு. வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அவர் ஏற்க மறுத்தார். பல்கலைக்கழகம்தான் விட்டுக்கொடுத்தது.

மிருதங்கத்தின் கறுப்பு வட்டம்

கம்பியும் தோலும் ஒரே மாதிரி அதிர்வதில்லை. ஒரு கம்பியின் அடிச்சுரம் 100 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேற்சுரங்கள் 200, 300, 400 என்று ஒழுங்காக வரும். காது அவற்றை ஒரே இனிய சுரமாகச் சேர்த்துக் கேட்கிறது. ஆனால், சாதாரணமாக இழுத்துக் கட்டிய வட்டத் தோலின் அடிச்சுரம் 100 என்றால், மற்றவை 159, 214, 230 என்று ஒழுங்கில்லாமல் வரும். ஆகவேதான் முரசை அடித்தால் இடி முழக்கம் கேட்கிறதே தவிர, தெளிவான சுரம் கேட்பதில்லை. தோற்கருவிகள் இசைக்குத் தாளம் தரலாம், சுரம் தர முடியாது என்பது அன்றைய ஐரோப்பிய இயற்பியல் நூல்களைப் படித்தவர்களின் பொதுவான முடிவாக இருந்தது.

மிருதங்கத்தையும் தபலாவையும் கேட்டு வளர்ந்த இராமனின் காது அந்த முடிவை ஏற்கவில்லை. மிருதங்கத்தின் வலந்தலையைத் தட்டினால் சுருதியோடு சேரும் சுரம் தெளிவாகக் கேட்கிறதே! 1920-இல் சிவகாளி குமார் என்பவருடன் சேர்ந்து இதை ஆராய்ந்து, உலகப் புகழ்பெற்ற அறிவியல் இதழில் கட்டுரை வெளியிட்டார். பதினைந்து ஆண்டுகள் ஏறக்குறைய கழிந்த பின்பும் அதே பொருளுக்குத் திரும்பி வந்து விரிவாக எழுதினார்.

ஆய்வு முறை எளிமையானது. தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவினார், தட்டினார். அதிரும் இடங்களிலிருந்து மணல் விலகி, அதிராத கோடுகளில் போய்ச் சேர்ந்தது. எந்தச் சுரத்தில் தோல் எந்த வடிவத்தில் அதிர்கிறது என்பதை மணலே வரைந்து காட்டியது.

இரகசியம் நடுவிலுள்ள கறுப்பு வட்டத்தில் இருந்தது. கல்லைப் பொடித்துச் சோற்றுடன் பிசைந்து, அடுக்கடுக்காகப் பூசித் தேய்த்துச் செய்வது அது. அந்தப் பூச்சின் எடை தோலின் நடுவில் அமர்ந்து, ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடந்த மேற்சுரங்களை இடம் மாற்றுகிறது. முதல் ஒன்பது அதிர்வு வடிவங்கள் ஐந்து சுரங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த ஐந்தும் ஏறத்தாழ 1, 2, 3, 4, 5 என்னும் ஒழுங்கில் நிற்கின்றன. கம்பிக்கு இயற்கை கொடுத்த ஒழுங்கைத் தோலுக்கு மனிதக் கை கொடுத்திருக்கிறது.

இங்கே ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும். இயற்பியல் வகுப்புக்குப் போகாத, சமன்பாடு எழுதத் தெரியாத கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாகத் தட்டிக் கேட்டு, தேய்த்து, மீண்டும் தட்டிக் கேட்டு இந்த இடத்தை அடைந்திருக்கிறார்கள். அவர்களின் பெயர்களை நாம் அறிய மாட்டோம். இராமன் செய்த பெரிய காரியம், அந்த அறிவைக் கண்டு வியந்ததோடு நில்லாமல், உலகம் ஒப்புக்கொள்ளும் மொழியில் அளந்து காட்டியதுதான். நம் வீட்டுக் கருவியும் இயற்பியலின் முதல் வரிசைக் கேள்வியாக முடியும் என்று அவர் நிரூபித்தார்.

வீணையிலும் தம்புராவிலும் இதே கதைதான். ஒரு கம்பியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசையாமல் இருக்க வேண்டிய மேற்சுரங்கள் ஒலிக்கக்கூடாது என்பது பழைய விதி. வீணையில் அவையும் ஒலிப்பதை இராமன் 1921-இல் சுட்டிக்காட்டினார். வளைந்த குதிரையின் மேல் கம்பி உரசியபடி அதிர்வதே அதற்குக் காரணம். தம்புராவின் குதிரையில் கம்பிக்கு அடியில் செருகும் ஒரு துண்டு நூலும் அதே வேலையைச் செய்கிறது.

ஒலியிலிருந்து ஒளிக்கு

அதே 1921-இல் இராமன் முதல் முறையாக இங்கிலாந்து சென்றார். இலண்டன் புனித பவுல் தேவாலயத்தின் வட்டமான மாடத்தில் ஒரு பக்கம் கிசுகிசுத்தால் மறுபக்கம் கேட்கும். பார்க்கப் போன இடத்திலும் இராமனுக்குள் இருந்த ஆய்வாளர் சும்மா இருக்கவில்லை. சுவரிலிருந்து விலகிப் போகும்போது ஒலி ஒரே சீராகக் குறையாமல், கூடுவதும் குறைவதுமாக இருப்பதை சதர்லண்ட் என்பவருடன் சேர்ந்து கண்டறிந்தார். அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்தும் மோதியும் சில இடங்களில் ஓங்கி, சில இடங்களில் ஓய்கின்றன.

அந்தப் பயணத்தில்தான் மத்தியதரைக் கடலின் நீலம் அவரை ஈர்த்தது. ஒளிச்சிதறல் ஆய்வு தொடங்கியது. 1924-இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் இராமன் விளைவு வெளிப்பட்டது. அந்த ஆய்வில் கே.எஸ். கிருஷ்ணனின் பங்கு பெரியது. இரண்டு ஆண்டுகளில் நோபல் பரிசு. இந்தப் பகுதியை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம்.

அதிகம் பேசப்படாத செய்தி, ஒலியை அவர் முழுமையாக விட்டுவிடவில்லை என்பது. 1927-இல், ஜெர்மானியர்கள் தொகுத்த மாபெரும் இயற்பியல் கையேட்டில் இசைக்கருவிகள் பற்றிய பகுதியை எழுதியவர் இராமன். 1930-களின் நடுவில் நாகேந்திர நாத் என்னும் இளைஞருடன் சேர்ந்து, திரவத்தின் ஊடே போகும் மீயொலி அலை, ஒளி அலையின் கட்டத்தை எப்படி மாற்றி அதைப் பல கதிர்களாகப் பிரிக்கிறது என்று விளக்கினார். இராமன் - நாத் கோட்பாடு என்று அது இன்றும் பாடநூல்களில் இருக்கிறது.

இராமன் குறையில்லாத மனிதர் என்று எழுதினால் அது பொய்யாகும். கடுமையாகப் பேசுவார், எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநராக 1933-இல் பொறுப்பேற்றவர், கருத்து வேறுபாடுகளால் 1937-இல் அப்பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது. அங்கே ஆய்வு மாணவியாகச் சேர வந்த கமலாவை, பெண் என்பதற்காக முதலில் மறுத்தார். அவர் விடாப்பிடியாக நின்றதால் நிபந்தனைகளோடு ஏற்றார். கமலா சோஹோனி என்று பின்னர் அறியப்பட்ட அந்தப் பெண், கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, மறுத்தவரின் எண்ணம் தவறு என்பதைக் காட்டினார். கருவிகளின் ஒலியில் எது கரகரப்பு என்று துல்லியமாகக் கேட்ட காது, மனிதர்கள் விஷயத்தில் சில வேளைகளில் கேட்கத் தவறியது. இதையும் நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கித்தார் பெட்டியின் முன்னால்

இப்போது நம் அறைக்கு வருவோம். மின்கித்தாரின் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் ஒலிவாங்கியை வைத்துப் பதிவு செய்கிறோம். ஒலி முழுமையாக இருக்கட்டும் என்று இரண்டாவது ஒலிவாங்கியைச் சற்றுத் தள்ளி வைக்கிறோம். இரண்டையும் கலந்தால் ஒலி இன்னும் கனமாக வேண்டும். ஆனால் மெலிந்து போகிறது. ஏன்?

படிவம் 4 இயற்பியலில் இரண்டு ஒலிபெருக்கிகளை வைத்து, அவற்றுக்கு முன்னால் குறுக்கே நடந்து பார்க்கும் சோதனை நினைவிருக்கிறதா? சில இடங்களில் ஒலி ஓங்கும், சில இடங்களில் அடங்கும். தேவாலய மாடத்தில் இராமன் அளந்த ஏற்ற இறக்கத்துக்கும் அலைகளின் அதே சேர்க்கைதான் அடிப்படை. கித்தார் பெட்டியின் முன்னாலும் அதுவே நடக்கிறது. மலாய்ப் பாடநூலில் 'ஃபாசா' என்றும் தமிழில் கட்டம் என்றும் சொல்லும் ஒன்றுதான் இதற்குச் சாவி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் ஊர் வெப்பத்தில், 30 பாகை செல்சியஸ் அளவில், ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்கிறது. இரண்டாவது ஒலிவாங்கி முதலாவதைவிட 17.5 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால், ஒலி அங்கே அரை மில்லிவினாடி தாமதமாகச் சேரும். 1000 ஹெர்ட்ஸ் அலைக்கு அது சரியாக அரை அலைநீளம். ஒன்று மேலே ஏறும்போது மற்றது கீழே இறங்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று அழிக்கின்றன. 2000 ஹெர்ட்ஸில் அதே தாமதம் ஒரு முழு அலைநீளம். அங்கே ஒலி ஓங்குகிறது. 3000-இல் மீண்டும் அழிவு. இப்படிச் சீப்பின் பற்களைப் போல் ஒலியில் பள்ளங்கள் விழுகின்றன. தகர டப்பா ஒலி பிறப்பது இப்படித்தான்.

தீர்வுக்குப் பணம் தேவையில்லை. அளவு நாடா போதும். இரண்டு ஒலிவாங்கிகளையும் ஒலிபெருக்கியிலிருந்து ஒரே தூரத்தில் அருகருகே வையுங்கள். தள்ளித்தான் வைக்க வேண்டும் என்றால், கணினியில் இரண்டு பதிவுகளின் அலைகளையும் பெரிதாக்கிப் பார்த்து, தாமதமானதை முன்னே நகர்த்திப் பொருத்துங்கள். பதிவு மென்பொருளில் அலையைத் தலைகீழாகத் திருப்பும் பொத்தானும் இருக்கும். அதை அழுத்தும்போது ஒலி நிறைந்தால் அந்த நிலையில் வையுங்கள். மெலிந்தால் பழைய நிலைக்குத் திருப்புங்கள். ஆனால் அந்தப் பொத்தான் எல்லா அதிர்வெண்களையும் ஒன்றாகத் திருப்புகிறது. தாமதமோ ஒவ்வோர் அதிர்வெண்ணையும் வெவ்வேறு அளவில் பாதிக்கிறது. எனவே தூரத்தால் வந்த சிக்கலைப் பொத்தான் மட்டும் முழுமையாகத் தீர்க்காது.

காதைக் கிழிக்கும் கரகரப்புக்கு வருவோம். உயர்ந்த அதிர்வெண்கள் ஒலிபெருக்கிக் கூம்பின் நடுப்பகுதிக்கு நேர் எதிரில்தான் கூர்மையாக இருக்கும். ஒலிவாங்கியை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி இரண்டு மூன்று சென்டிமீட்டர் நகர்த்தினாலே ஒலி மென்மையாகும். சற்றுச் சாய்த்து வைத்தாலும் மாறும். பெட்டி தரையில் இருந்தால், தரையில் பட்டுத் திரும்பும் ஒலியும் தாமதமாக வந்து கலக்கும். பெட்டியை உறுதியான நாற்காலியின் மேல் ஏற்றிப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஒரே ஒரு சுரம் மட்டும் துருத்திக்கொண்டு நின்றால், அது உங்கள் பெட்டியின் ஓநாய். அந்த அதிர்வெண்ணைத் தேடிப் பிடித்து, அதை மட்டும் மென்பொருளில் சற்றுக் குறையுங்கள்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒரே சத்த அளவில் கேளுங்கள். சத்தம் கூடினாலே நல்லது என்று காது ஏமாந்துவிடும். வைத்த தூரத்தையும் கேட்ட விளைவையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள். உறுமி மேளத்தைப் பதிவு செய்பவர்களுக்கும் இது பொருந்தும். இரண்டு தலையுள்ள கருவிக்கு எதிரெதிராக இரண்டு ஒலிவாங்கிகள் வைக்கும்போது, கட்டச் சிக்கல் இன்னும் எளிதாக வரும்.

மரம் ஒன்று போதும்

இராமன் 1948-இல் பெங்களூரில் தமது பெயரால் அமைந்த ஆய்வுக் கழகத்துக்குப் போய், இறுதி வரை அங்கேயே ஆய்வு செய்தார். 1954-இல் பாரத ரத்னா விருது கிடைத்தது. 1970-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் காலமானார். அவர் விரும்பியபடி கழகத்தின் தோட்டத்திலேயே உடல் எரியூட்டப்பட்டது. அந்த இடத்தில் நினைவு மண்டபம் இல்லை. ஒரு மரம் இருக்கிறது.

அவர் ஒலியை ஆராயத் தொடங்கியபோது அவரிடம் வெளிநாட்டுப் பட்டம் இல்லை, ஆய்வுப் பதவி இல்லை, நல்ல உடல்நலம்கூட இல்லை. விடியற்காலையும் மாலையும் மட்டும் இருந்தன. எளிய கருவிகளும், உதவி செய்ய ஓர் ஆசுதோஷும் இருந்தார்கள். கேட்பதற்குப் பழகிய காதும், கேட்டதை அளக்காமல் நம்பாத மனமும் இருந்தன.

இடைநிலைப்பள்ளியிலோ பல்கலைக்கழகத்திலோ படித்துக்கொண்டே இரவில் இசை செய்யும் கெடா இளைஞர்களுக்கு இவை எதுவும் எட்டாதவை அல்ல. உங்கள் பதிவில் உறுமல் கேட்டால் கருவியைக் குறை சொல்லி மூடி வைத்துவிடாதீர்கள். எந்த இரண்டு அலைகள் எங்கே மோதுகின்றன என்று தேடுங்கள். அடுத்த முறை அலைகள் பாடத்தைத் திறக்கும்போது, அது தேர்வுத் தாளுக்கு மட்டும் எழுதப்பட்டது என்று நினைக்காமல், கித்தாரையும் அருகில் வைத்துக்கொண்டு படியுங்கள்.